புகையையும் கணக்கில் சேர்த்து அனல் மின் அலகின் செயல்திறனை அளப்பது எப்படி?

ஒரே அளவு நிலக்கரியை எரித்து அதிக யூனிட் மின்சாரம் தரும் அலகே (நிலையத்துக்குள் தனித்து இயங்கும் ஒரு கொதிகலன்-ஜெனரேட்டர் தொகுதி) திறமையானது என்ற அளவுகோல், புகைபோக்கி வழியே போவதற்கு யாரும் கணக்குக் கேட்காத காலத்தில் உருவானது. அதை இன்றைய அனல் மின் அலகுகள்மீது அப்படியே வைத்தால், புகையிலிருந்து கந்தக டை ஆக்சைடைப் பிரிக்கும் கந்தக நீக்கியை நிறுவி அதன் பம்புகளுக்கும் விசிறிகளுக்கும் தன் உற்பத்தியில் ஏறத்தாழ 1 சதவீதத்தைக் கொடுத்துவிட்ட அலகு பின்தங்கி நிற்கும். எதையும் நிறுவாத அலகு முந்தி நிற்கும். இந்தக் கோணலைச் சரிசெய்யும் கணக்கு முறைகள் 1980களின் இறுதியிலிருந்தே உள்ளன. சென்னையில் பொருளியலோ சூழல் பொறியியலோ படித்துக்கொண்டு, எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர் வட்டார நிலையங்களை வைத்து ஆய்வேடு எழுத நினைப்பவர்களை மனத்தில் கொண்டு அந்த முறைகளை இங்கே விளக்குகிறேன். மென்பொருளைக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும். முடிவைத் தீர்மானிப்பவை தரவுப் பத்திகளும், புகையைக் கணக்குக்குள் எந்த நிபந்தனையோடு நுழைக்கிறீர்கள் என்பதும்தான்.

நிலையத்தை அல்ல, அலகை எடுத்துக்கொள்ளுங்கள்

முதலில் எதை எதோடு ஒப்பிடுவது என்று முடிவு செய்ய வேண்டும். வடசென்னை அனல் மின் நிலையம் என்ற ஒரே பெயருக்குள், 1990களில் வந்த 210 மெகாவாட் அலகுகள் மூன்றும், 2010களில் வந்த 600 மெகாவாட் அலகுகள் இரண்டும், 2024இல் தொடங்கிவைக்கப்பட்ட 800 மெகாவாட் அலகு ஒன்றும் இருக்கின்றன. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015 டிசம்பரில் வெளியிட்ட அறிவிக்கையும் அதன் பின்னர் வந்த திருத்தங்களும் நிறுவிய ஆண்டையும் அலகின் அளவையும் பார்த்து வரம்பை மாற்றுகின்றன. 2003 முடிவதற்குள் நிறுவப்பட்ட 500 மெகாவாட்டுக்குக் குறைந்த அலகு, ஒரு நார்மல் கன மீட்டர் (நிலையான வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்கும் திருத்திய கன மீட்டர்) புகையில் 600 மில்லிகிராம் கந்தக டை ஆக்சைடும் 100 மில்லிகிராம் துகளும் விடலாம். 2004 முதல் 2016 வரை வந்த பெரிய அலகுக்கு இவை 200, 50 என்று இறங்குகின்றன. 2017 முதல் வந்தவற்றுக்கு 100, 30. நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கு இந்த மூன்று காலங்களுக்கும் முறையே 600, 450, 100. இடையிலுள்ள 450 என்பது முதலில் 300ஆக இருந்து 2020இல் தளர்த்தப்பட்டது. ஆக ஒரே வளாகத்துக்குள் மூன்று சட்டங்கள் நடக்கின்றன. நிலையத்தின் மொத்த எண்ணை எடுத்தால் இந்த மூன்றும் கலந்து, எந்தச் சட்டத்தின் விளைவை அளக்கிறோம் என்பதே தெரியாமல் போகும்.

அலகு அளவில் போனால் எண்ணிக்கைப் பிரச்சினையும் ஓரளவு தீர்கிறது. வடசென்னையில் ஆறு, வல்லூரில் 500 மெகாவாட் அலகுகள் மூன்று. இந்த ஒன்பதை மட்டும் வைத்து எல்லைக்கோட்டுக் கணக்கு (சிறந்த அலகுகளை இணைக்கும் கோட்டிலிருந்து மற்றவற்றின் தூரத்தை அளப்பது) போட்டால் பாதிக்கு மேற்பட்ட அலகுகள் முழுத் திறன் பெற்றதாகவே விடை வரும். உள்ளீடுகளையும் விளைவுகளையும் கூட்டி, அதன் மூன்று மடங்குக்குக் குறையாமல் அலகுகள் இருக்க வேண்டும் என்பது இத்துறையில் பழகிய விதி. மேட்டூரின் ஐந்து, தூத்துக்குடி அனல் மின் நிலையத்தின் ஐந்து, அதே ஊரில் என்.எல்.சி.யும் தமிழக மின்வாரியமும் கூட்டாக அமைத்த நிலையத்தின் இரண்டு ஆகியவற்றைச் சேர்த்தால் 21 அலகுகள் கிடைக்கும். இரண்டு உள்ளீடு, ஒரு மின்சாரம், இரண்டு மாசு என்ற அமைப்புக்கு இது போதும். நெய்வேலி அலகுகளைச் சேர்க்கும் ஆசை வரும். பழுப்பு நிலக்கரியின் ஈரப்பதமும் கந்தகமும் வேறு என்பதால், அவற்றைத் தனிக் கூட்டமாகவே வைப்பது நல்லது.

தரவுப் பத்திகள்

மத்திய மின்சார ஆணையத்தின் மாதாந்திர அறிக்கைகள், அதே ஆணையம் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு தரவுத்தொகுப்பு, தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண ஆணைகள், சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற நிலையங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டிய இணக்க அறிக்கைகள் ஆகிய நான்கும் பொதுவெளியில் கிடைப்பவை. புகைபோக்கியின் தொடர் கண்காணிப்புக் கருவிகள் தரும் எண்களை மணிக்கணக்கில் பெற, கிண்டியிலுள்ள தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தில் ஆக்சிஜன் அளவையும் சேர்த்துக் கேட்க மறக்கக் கூடாது. காரணம் பின்னால் வருகிறது.

எரிபொருளை டன்னில் அல்ல, கிலோ கலோரியில் எழுதுங்கள். ஒடிசாவின் தால்சரிலிருந்து பாராதீப் துறைமுகம் வழியாகக் கப்பலில் எண்ணூருக்கு வரும் சாம்பல் மிகுந்த நிலக்கரியையும், இறக்குமதியான நிலக்கரியையும் டன் கணக்கில் கூட்டுவதற்குப் பொருளே இல்லை. கலோரியிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. இறங்கும்போது அளந்த வெப்ப மதிப்பும் கொதிகலனுக்குள் போகும்போது அளந்த வெப்ப மதிப்பும் ஒன்றல்ல. கிடங்கில் கிடக்கும் காலத்தில் கொஞ்சம் வெப்பம் போய்விடும், வடகிழக்குப் பருவமழையில் ஈரமும் ஏறும். எந்த இடத்தில் அளந்ததை எடுக்கிறீர்களோ, அதையே எல்லா அலகுகளுக்கும் எடுங்கள்.

மின்சாரத்தை ஜெனரேட்டர் முனையில் அளந்ததாக எடுக்கவே கூடாது. நிலையத்தின் சொந்தச் சாதனங்கள் தின்றது போக, வெளியே அனுப்பிய மின்சாரமே விளைபொருள். மாசைக் கட்டுப்படுத்தும் செலவில் பெரும்பகுதி இந்தச் சொந்த நுகர்வில்தான் ஒளிந்திருக்கிறது. மொத்த உற்பத்தியை எடுத்தால் கந்தக நீக்கி மின்சாரமே குடிக்காதது போலத் தோன்றும்.

மாசு பத்தியில்தான் மிகுந்த கவனம் தேவை. சட்ட வரம்புகள் உலர்ந்த புகைக்கும், அதில் 6 சதவீத ஆக்சிஜன் இருக்கும் நிலைக்கும் சொல்லப்பட்டவை. பழைய கொதிகலன்களிலும் புகைக் குழாய்களிலும் வெளிக்காற்று கசிந்து உள்ளே நுழையும், புகை நீர்த்துப்போகும், கருவி குறைந்த எண்ணைக் காட்டும். இதைச் சரிசெய்ய, கருவி காட்டும் எண்ணை 15ஆல் பெருக்கி, 21இலிருந்து அப்போதைய ஆக்சிஜன் சதவீதத்தைக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும். ஒரு 210 மெகாவாட் அலகின் திரையில் நைட்ரஜன் ஆக்சைடு 520 மில்லிகிராம் என்றும் ஆக்சிஜன் 9 சதவீதம் என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 15ஐ 12ஆல் வகுத்தால் 1.25, 520ஐ அதனால் பெருக்கினால் 650. வரம்பு 600. திரையில் இணக்கமாகத் தெரிந்த அலகு, திருத்திய கணக்கில் வரம்பைத் தாண்டி நிற்கிறது. ஆக்சிஜன் பத்தி இல்லாத மாசுத் தரவை நான் எந்த ஆய்வுக்கும் ஏற்கமாட்டேன்.

செறிவைப் பிறகு எடையாக மாற்ற வேண்டும், ஏனெனில் எல்லைக்கோட்டுக் கணக்குக்கு வேண்டியது கிலோ. 10 லட்சம் கிலோ கலோரி வெப்பத்துக்கு, உலர்ந்த நிலையிலும் 6 சதவீத ஆக்சிஜனிலும் சுமார் 1,500 நார்மல் கன மீட்டர் புகை வரும் என்று கொள்ளலாம். கிடைத்த எடையை நிலக்கரியிலுள்ள கந்தகத்தோடு ஒப்பிட்டுச் சோதியுங்கள். ஒரு கிலோ கந்தகம் எரிந்தால் இரண்டு கிலோ கந்தக டை ஆக்சைடு. கிலோவுக்கு 3,600 கிலோ கலோரியும் 0.5 சதவீதக் கந்தகமும் உள்ள நிலக்கரியில், 10 லட்சம் கிலோ கலோரி பெற 278 கிலோ எரிக்க வேண்டும். அதில் கந்தகம் 1.39 கிலோ, வாயுவாக 2.78 கிலோ. சாம்பலோடு தங்கிவிடும் சிறு பங்கைக் கழித்தால் ஏறத்தாழ 2.6 கிலோ, அதாவது கன மீட்டருக்குச் சுமார் 1,700 மில்லிகிராம். கந்தக நீக்கி இல்லாத ஓர் அலகின் கருவி மாதக்கணக்கில் இதில் பாதியைக் காட்டினால், சந்தேகப்பட வேண்டியது கருவியையோ நிலக்கரிச் சோதனை அறிக்கையையோதான். நாள் முழுவதும் ஒரே எண்ணில் உறைந்து நிற்கும் பதிவுகளையும், அலகு ஓடும்போதே பூஜ்யம் காட்டும் மணிகளையும் சராசரிக்குமுன் நீக்கிவிடுங்கள்.

தமிழ்நாட்டுக்கே உரிய இன்னொன்று, சுமை. மே முதல் செப்டம்பர் வரை காற்றாலைகள் சுழலும்போதும், பகல் நேரத்தில் சூரிய மின்சாரம் பெருகும்போதும், நிலக்கரி அலகுகள் தங்கள் திறனில் 55 சதவீதத்தை ஒட்டி இறக்கப்படுகின்றன. குறைந்த சுமையில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் வெப்பம் கூடுதலாகச் செலவாகும். அது அலகின் குற்றம் அல்ல. ஆகவே ஆண்டுச் சராசரியை விட்டு மாதத் தரவுக்குப் போய், ஒத்த சுமையில் ஓடிய மாதங்களை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். அது முடியாவிட்டால், சுமைக் காரணியை நிர்வாகத்தின் கையில் இல்லாத மாறியாகக் கணக்கில் சேருங்கள்.

கணக்கைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள்

மைக்கேல் ஃபாரெல் 1957இல் முன்வைத்த எண்ணம் எளிமையானது: இருக்கும் அலகுகளில் சிறந்தவற்றை இணைத்து ஓர் எல்லைக்கோடு வரைந்து, மற்றவை அதிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று அளப்பது. சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் 1978இல் இதை நேரியல் நிரலாக்கமாக்கினார்கள், டி.இ.ஏ. (Data Envelopment Analysis, தரவு உறைப் பகுப்பாய்வு) என்று புழங்குவது அதுதான். ஃபாரே, கிராஸ்காப் ஆகியோரும் அவர்களுடைய கூட்டாளிகளும் மாசையும் ஒரு விளைவாக அதற்குள் கொண்டுவந்தார்கள். 1997இல் சுங், ஃபாரே, கிராஸ்காப் வடிவமைத்த திசைத் தொலைவு முறைதான் மின் நிலையங்களுக்கு வசதியானது என்பது என் கருத்து. மின்சாரத்தை எத்தனை சதவீதம் கூட்டி, அதே சதவீதம் மாசைக் குறைக்க முடியும் என்று அது நேராகச் சொல்லிவிடுகிறது.

கற்பனையான நான்கு அலகுகளை எடுத்துக்கொள்வோம்; எல்லாவற்றுக்கும் 10 லட்சம் கிலோ கலோரி. யூனிட்டுக்கு 2,450 கிலோ கலோரி செலவழித்து, 8.5 சதவீதம் சொந்த நுகர்வுள்ள 210 மெகாவாட் அலகு அ, 373 யூனிட்டை வெளியே அனுப்புகிறது. கந்தக டை ஆக்சைடு 2.6 கிலோ. 2,390 கிலோ கலோரியும் 5.75 சதவீதச் சொந்த நுகர்வும் உள்ள 500 மெகாவாட் அலகு ஆ, 394 யூனிட் தருகிறது. மாசு அதே 2.6 கிலோ. அதே வகை அலகு இ, கந்தக நீக்கி பொருத்தியதால் சொந்த நுகர்வு 6.75 சதவீதமாகி 390 யூனிட் தருகிறது, மாசு 0.3 கிலோ, அதாவது கன மீட்டருக்கு 200 மில்லிகிராம். கந்தகம் குறைந்த நிலக்கரியைக் கலந்து எரிக்கும் அலகு ஈ, 380 யூனிட்டும் 1.4 கிலோவும் தருகிறது.

மாசைப் பார்க்காத பழைய கணக்கில் ஆ முதலிடம், இ அதைவிட 1 சதவீதம் பின்தங்கியது, ஈ 3.7 சதவீதம், அ 5.6 சதவீதம். மாசையும் சேர்த்து, கிடைமட்ட அச்சில் மாசும் செங்குத்து அச்சில் யூனிட்டுமாக வரைந்தால், எல்லைக்கோடு தொடக்கப் புள்ளியிலிருந்து இ வரையும், அங்கிருந்து ஆ வரையும் போகிறது. இ இப்போது கோட்டின் மேலேயே இருக்கிறது. ஈ மின்சாரத்தை 3.1 சதவீதம் கூட்டி, மாசை அதே 3.1 சதவீதம் குறைக்கலாம், அ 5.6 சதவீதம். கந்தகம் குறைந்த நிலக்கரியால் மாசைக் குறைத்த ஈக்குக் கொஞ்சம் நியாயம் கிடைத்திருக்கிறது; அவுக்குச் சலுகை எதுவும் இல்லை.

இக்கும் ஆவுக்கும் இடையிலுள்ள கோட்டின் சரிவே கட்டுப்பாட்டின் விலை. 2.3 கிலோ கந்தக டை ஆக்சைடைத் தவிர்க்க 4 யூனிட் இழக்கப்பட்டது, கிலோவுக்கு 1.74 யூனிட். யூனிட்டை 5 ரூபாய் என்று வைத்தால் கிலோவுக்கு ஏறத்தாழ 8 ரூபாய் 70 காசு. இதைத்தான் நிழல் விலை என்கிறார்கள். கந்தக நீக்கியின் முதலீட்டுச் செலவும் சுண்ணாம்புக்கல்லின் விலையும் இதில் இல்லை. இழந்த மின்சாரத்தின் விலை மட்டுமே உள்ளது என்பதை அறிக்கையில் அதே வரியிலேயே எழுத வேண்டும், அடிக்குறிப்பில் அல்ல.

அழுக்கான அலகு முழு மதிப்பெண் வாங்கும் இடம்

பாடநூல்களில் மாசைச் சேர்க்கும்போது, எல்லைக்கோட்டிலுள்ள மாசு அந்த அலகின் மாசுக்குச் சமமாக இருக்க வேண்டும் என்ற சம நிபந்தனையை எழுதுவார்கள். மாசை இலவசமாகக் குறைக்க முடியாது, குறைத்தால் மின்சாரமும் குறையும் என்பது அதன் பின்னுள்ள நியாயம். இப்போது ஐந்தாவதாக உ என்ற அலகைச் சேருங்கள்: கந்தகம் மிகுந்த நிலக்கரி, 370 யூனிட், 4 கிலோ மாசு. ஐந்திலும் குறைந்த மின்சாரமும் மிகுந்த மாசும் இதனுடையவைதான். ஆனால் சம நிபந்தனையோடு கணினியில் ஓட்டினால், இதன் திறன் குறைபாடு பூஜ்யம் என்று விடை வரும். ஆவையும் உவையும் இணைத்துக் கீழ்நோக்கி இறங்கும் ஒரு கோட்டை நிரல் எல்லையாக எடுத்துக்கொள்வதும், உ அந்தக் கோட்டின் கடைசி நுனியில் இருப்பதும்தான் காரணம். அதற்கு ஒப்பிட வேறு அலகே இல்லை. சமக் குறியை எடுத்துவிட்டு, எல்லையிலுள்ள மாசு அந்த அலகின் மாசுக்கு மிகாமல் இருந்தால் போதும் என்று எழுதினால், உ 6.5 சதவீதம் பின்தங்கியதாக உண்மை வெளிவருகிறது. மற்ற நான்கின் விடைகள் மாறுவதில்லை. இரண்டு வகையிலும் ஓட்டிப் பாருங்கள். மதிப்பெண் மாறும் அலகுகளைத் தனியே குறித்து, அவற்றின் தரவுக்குத் திரும்பிப் போங்கள். எக்செல் சால்வரிலேயே இதைச் செய்துவிடலாம். 21 அலகுகளுக்கு மேல் போனால் ஆர் (R) நிரல்மொழி வசதியானது.

கார்பன் டை ஆக்சைடை இதே பத்தியில் போடாதீர்கள். அதற்குப் புகைபோக்கியில் வடிகட்டி கிடையாது; எரித்த வெப்பத்தோடு ஏறத்தாழ மாறாத விகிதத்தில் கட்டுண்டது அது. 10 லட்சம் கிலோ கலோரிக்குச் சுமார் 400 கிலோ. எரிபொருளை உள்ளீடாகவும் கார்பனை மாசாகவும் ஒருசேரப் போட்டால் ஒரே பொருளை இருமுறை எண்ணியதாகிவிடும். சாம்பலிலும் கவனம் வேண்டும்: சிமென்ட் ஆலைக்குப் போன உலர் சாம்பல் மாசு அல்ல, தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்குப் போனது மாசு. குழாய் உடைந்து கொசஸ்தலை ஆற்றில் கலந்ததற்கு எந்த மாத அறிக்கையிலும் பத்தி இருக்காது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்தத் தேதியில் சட்டம் தொடங்கியது?

கட்டுப்பாட்டுக்கு முன், பின் என்று ஒப்பிட விரும்புகிறவர்கள் 2015ஐப் பிரிகோடாக வைத்துவிடுகிறார்கள். தாளில் அது சரி. 2017 டிசம்பருக்குள் என்றிருந்த காலக்கெடு முதலில் 2022 வரை நீண்டது. 2021இல் நிலையங்கள் மூன்று வகைகளாகப் பிரிக்கப்பட்டன. தலைநகர்ப் பகுதி அல்லது பத்து லட்சம் மக்கள்தொகைக்கு மேற்பட்ட நகரத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருப்பவை முதல் வகை. அதன் பிறகும் கெடு தள்ளிப்போனது. 2025 ஜூலையில் வந்த அறிவிக்கை, கடைசி வகைக்குக் கந்தக வரம்பிலிருந்து நிபந்தனையோடு விலக்கு அளித்து, முதல் வகைக்கு 2027 முடிவு வரை காலம் தந்தது. ஆகையால் அறிவிக்கை வந்த ஆண்டைக் கட்டுப்பாட்டின் தொடக்கமாக எடுத்தால், பெரும்பாலானவர்கள் எதுவும் பொருத்தாத ஆண்டுகளில் சட்டத்தின் விளைவைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். அலகுவாரியாகக் கருவி இயங்கத் தொடங்கிய மாதத்தை எடுங்கள். விலக்குப் பெற்ற அலகுகளை அகற்ற வேண்டாம். தனிக் குறியீடு கொடுத்து ஒப்பீட்டுக் கூட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாடு புதுமையைத் தூண்டும் என்ற பொருளியலாளர் மைக்கேல் போர்ட்டரின் வாதத்தைச் சோதிக்க வேண்டுமானால், பல ஆண்டுத் தரவோடு, காலப்போக்கில் செயல்திறன் மாறுவதை மாசையும் சேர்த்து அளக்கும் மால்ம்குவிஸ்ட்-லூயன்பெர்கர் குறியீட்டைக் கணக்கிட்டு, அலகு எல்லைக்கோட்டை நெருங்கியதையும் எல்லைக்கோடே நகர்ந்ததையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எல்லைக்கோட்டு மதிப்பெண்ணுக்கு இயல்பாகப் பிழை எல்லை கிடையாது. ஒரே ஓர் அலகின் தவறான எண் மற்ற எல்லாருடைய மதிப்பெண்ணையும் இழுத்துவிடும். எல்லைக்கோட்டில் நிற்கும் அலகுகளை ஒவ்வொன்றாக நீக்கி மறுபடி ஓட்டுங்கள். சீமார், வில்சன் வகுத்த மறுமாதிரி முறையில் (பூட்ஸ்ட்ராப்) நம்பக இடைவெளியையும், அதாவது உண்மையான மதிப்பெண் இருக்கக்கூடிய வீச்சையும், கண்டுபிடியுங்கள். மூன்றாம் தசமத்தில் வேறுபடும் இரண்டு அலகுகளைத் தரவரிசைப்படுத்துவது வீண் வேலை.

அறிக்கையில் மதிப்பெண்ணோடு நிற்காமல் அதை டன்னாக மாற்றி எழுதுங்கள். மேலே கண்ட இ வகை 500 மெகாவாட் அலகு 70 சதவீதச் சுமையில் ஓராண்டு ஓடினால் சுமார் 307 கோடி யூனிட் உற்பத்தி செய்யும். கந்தக நீக்கியால் அது இழப்பது சுமார் 3.1 கோடி யூனிட். தடுப்பது சுமார் 16,900 டன் கந்தக டை ஆக்சைடு. அந்த வேதிவினைக்கே ஏறத்தாழ 26,000 டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். 45,000 டன் ஜிப்சம் உண்டாகும். சுண்ணாம்புக்கல்லிலிருந்து மட்டும் 11,600 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். இந்தக் கார்பன் எரிபொருளோடு கட்டுண்டது அல்ல என்பதால் இதற்குத் தனிப் பத்தி உண்டு. ஜிப்சம் விற்றுப்போனால் அது விளைபொருள். வளாகத்திலேயே குவிந்தால் அடுத்த ஆண்டுக் கணக்கில் மாசு பத்திக்கு மாற்றுங்கள்.